காகிதத்தில் 65, மானியில் 63: ஜெர்மனியில் ஒரு புது வீட்டின் ஹைட்சுங்

வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் இழுத்து வீட்டுக்குத் தரும் கருவி ஹீட் பம்ப். அதன் சின்னத் திரையில் நான் தேடியது இரண்டே எண்களை. பத்து வாரத்தில் அது இழுத்த மின்சாரம் 1,370 யூனிட். வீட்டுக்குக் கொடுத்த வெப்பம் 3,700 யூனிட். வகுத்தால் 2.7 வருகிறது. அந்த வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு நூறு பங்கு வெப்பத்திலும் 63 பங்கை வெளிக்காற்று கொடுத்திருக்கிறது, மீதி 37 பங்கு மின்சாரத்திலிருந்து வந்திருக்கிறது.

புதுக் குடியிருப்புப் பகுதியில் கட்டும் வீட்டின் ஹைட்சுங், அதாவது வீட்டைச் சூடாக்கும் அமைப்பு, தான் தரும் வெப்பத்தில் குறைந்தது 65 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து எடுக்கவேண்டும். ஜெர்மனியின் கட்டட எரிசக்திச் சட்டத்தில் 2024 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த விதி அது. இந்த வீடு அந்த விதியை நிறைவேற்றிவிட்டது என்று கையொப்பமிட்ட பத்திரம் கோப்பில் இருந்தது. அதில் ஒரு வரி கூடப் பொய் இல்லை. மானி காட்டிய எண்ணும் பொய் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருந்தன, பிறகு என்ன செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டுக்காரர்களின் ஒப்புதல் உண்டு. பெயர், தெரு, நிறுவனம் எதுவும் வராது.

வீடு

இடம் நோர்ட்ரைன் வெஸ்ட்பாலன் மாநிலம், ஹம் நகரிலிருந்து கொஞ்சத் தூரம். 2002-இல் குடமுழுக்குக் கண்ட ஹம் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு நினைத்த நேரத்தில் போய்வர வேண்டும் என்பது வீட்டுக்காரருடைய அம்மாவின் ஆசை. காணி அந்தப் பக்கத்தில் அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், யாழ்ப்பாணத்திலிருந்து 80-களில் வந்த அம்மா. ஐந்து பேர். மரச்சட்டக வீடு, 150 சதுர மீட்டர், வெப்பம் மீட்கும் காற்றோட்டக் கருவியோடு. கட்டட அனுமதிக்கு 2024 தொடக்கத்தில் விண்ணப்பித்து, அதே ஆண்டு நவம்பரில் குடிபுகுந்தார்கள்.

புது வீட்டுக்கு விதி ஒன்றல்ல, இரண்டு. முதலாவது 2023 முதல் நடப்பில் உள்ளது: அதே அளவு, அதே வடிவம் கொண்ட ஒரு மாதிரி வீட்டைச் சட்டம் காகிதத்தில் வரைகிறது. உங்கள் வீட்டின் ஆண்டு முதன்மை எரிசக்தித் தேவை (மின்சாரத்தையோ எரிபொருளையோ வீடுவரை கொண்டுவர ஆகும் ஆற்றலையும் சேர்த்த கணக்கு) அந்த மாதிரி வீட்டினுடையதில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இரண்டாவதுதான் மேலே சொன்ன 65. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்கள் நிறையப் பேர். இன்னொரு குழப்பமும் உண்டு. ஹைட்சுங் மாற்றினால் அரசு 70 விழுக்காடு வரை தருகிறது என்று கேள்விப்பட்டு, அதைப் புது வீட்டின் கணக்கிலும் எழுதிவிடுகிறார்கள். அந்தப் பணம் பழைய வீடுகளுக்கு மட்டும். புது வீட்டுக்குக் கிடைக்கக்கூடியது, இன்னும் கடுமையான தரத்தை எட்டினால், குறைந்த வட்டிக் கடன். இந்தக் குடும்பமும் 15,000 ஐரோ வரும் என்று எழுதிவைத்திருந்தது. முதல் சந்திப்பில் அதை வெட்டவேண்டி வந்தது.

எதைத் தேர்வது

சட்டம் ஒரே வழியைத் திணிக்கவில்லை. மாவட்ட வெப்ப வலை (ஓரிடத்தில் சூடாக்கிய நீரைக் குழாய் வழியே பல வீடுகளுக்குத் தருவது), ஹீட் பம்ப், நேரடி மின் வெப்பம், விறகு அல்லது மரச் சிட்டை (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகள்), சூரிய வெப்பம், இவற்றின் கலவை என்று பட்டியல் தருகிறது. இவற்றில் ஒன்றைச் சொன்னபடி பொருத்தினால் 65 நிறைவேறியதாகவே கொள்ளப்படும், தனியாகக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. இந்தக் கதையின் முடிச்சு இதில்தான் இருக்கிறது. பிறகு வருகிறேன்.

வெப்ப வலை அந்தப் பகுதியில் இல்லை. எரிவாயுக் குழாயும் போடப்படவில்லை, ஆகவே உயிர்வாயு (பயோகேஸ்) பற்றிய பேச்சே எழவில்லை. சூரிய வெப்பத் தகடு குளிர்காலத்தில் கைவிட்டுவிடும். 2009-இல் வந்த முந்தைய சட்டம் சூரிய வெப்பத்திடம் 15 விழுக்காடு மட்டும் கேட்டதால், கூரையில் சில சதுர மீட்டர் தகடு வைத்து அப்போது தப்பித்துக்கொள்ள முடிந்தது. 65 அதற்கு எட்டாத உயரம்.

மரச் சிட்டையை அம்மா விரும்பினார். அடுப்பில் தீ இருப்பது அவருக்கு நிம்மதி. ஆண்டுக்குத் தேவைப்படும் வெப்பம், குளிக்கும் வெந்நீரும் சேர்த்து, சுமார் 10,000 யூனிட். ஒரு கிலோ சிட்டை கிட்டத்தட்ட 4.8 யூனிட் தரும். இழப்பையும் சேர்த்தால் ஆண்டுக்கு இரண்டேகால் முதல் இரண்டரைத் தொன் வரை வேண்டும். அதை ஈரம் படாமல் வைக்க ஓர் அறை, சாம்பல் அள்ள ஓர் ஆள், புகைபோக்கி ஒன்று. நிலவறை இல்லாத வீட்டில் அந்த அறை பிள்ளையின் அறையாகத்தான் இருக்கும். அம்மாவே வேண்டாம் என்றார்.

நேரடி மின் வெப்பத்தை, அதாவது சுவரில் மாட்டும் அகச்சிவப்புத் தகட்டை, ஒரு விற்பனையாளர் இவர்களுக்குப் பலமாகச் சிபாரிசு செய்திருந்தார். பொருத்துவது மலிவு என்பது உண்மை. ஆனால் புது வீட்டில் அதை வைக்கவேண்டுமானால் வெப்பக் காப்பு சட்டம் கேட்பதைவிட 45 விழுக்காடு மேலாக இருக்கவேண்டும். அந்தக் காப்புக்கு ஆகும் செலவை அவர் சொல்லவில்லை. இருக்கும் காப்போடு பார்த்தாலும் 10,000 யூனிட்டை யூனிட் 30 சென்ட்டுக்கு வாங்கினால் ஆண்டுக்கு 3,000 ஐரோ. கையில் காசு குறைவாக இருக்கும் இளம் குடும்பங்களிடம் இதை விற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மிஞ்சியது ஹீட் பம்ப். ஜெர்மனியில் 2023-இல் கட்டி முடித்த குடியிருப்புக் கட்டடங்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கில் அதுதான் முதன்மை ஹைட்சுங். நிலத்தில் துளையிட்டு வெப்பம் எடுக்கும் வகை நல்லது, அமைதியானது. இந்த வீட்டுக்கு 80, 90 மீட்டர் ஆழம் போதும். ஆனால் துளைக்கான செலவும் நீர்வள அனுமதிக்கான காத்திருப்பும் குடும்பத்தின் கைக்கு மீறியவை. காற்றிலிருந்து எடுக்கும் வகை என்று முடிவானது.

12 கிலோவாட்டா, 6 கிலோவாட்டா

வீட்டோடு சேர்த்துப் பேசிய நிறுவல்காரரின் விலைத்தாளில் 12 கிலோவாட் பெட்டி இருந்தது. எப்படி வந்தது அந்த எண்? சதுர மீட்டருக்கு 80 வாட், 150 சதுர மீட்டர், பெருக்கினால் 12. பழைய செங்கல் வீடுகளுக்கான கைக்கணக்கு அது. அறை அறையாக வெப்பச் சுமையைக் கணக்கிட்டபோது, வெளியே உறைநிலைக்குக் கீழே 10 பாகை குளிரும் நாளில் முழு வீட்டுக்கும் 5.6 கிலோவாட் போதும் என்று வந்தது.

பெரிதாக இருந்தால் என்ன, தேவைக்கு மேல் இருந்தால் நல்லதுதானே என்று வீட்டுக்காரரான மகன் கேட்டார். எண்ணெய்க் கொதிகலனில் அது பெரிய கேடில்லை. ஹீட் பம்பில் கேடு. இந்தப் பகுதியின் குளிர்காலத்தில் பெரும்பாலான நாள்கள் உறைநிலைக்கு மேலேயே நிற்கின்றன. வெளியே 7 பாகை இருக்கும்போது இந்த வீடு கேட்பது இரண்டரைக் கிலோவாட்டுக்கும் குறைவு. 12 கிலோவாட் பெட்டி எவ்வளவுதான் தணிந்து ஓடினாலும் நான்கு, ஐந்து கிலோவாட்டுக்குக் கீழே இறங்காது. ஆகவே ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ஒவ்வொரு தொடக்கமும் பெட்டிக்குள் இருக்கும் அமுக்கியின் (கம்ப்ரஸர்) ஆயுளைத் தின்கிறது. 6 கிலோவாட் பெட்டிக்கு மாற்றவைத்தோம். விலையும் குறைந்தது. இரவில் அயலாரின் சன்னலில் 40 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது என்ற விதியும் சிரமமில்லாமல் நிறைவேறியது.

பெட்டி பொருத்தியானது. வீட்டுக்காரர் நிறைவேற்றல் அறிவிப்பை அலுவலகத்துக்குக் கொடுத்தார், ஆற்றல் சான்றிதழ் வந்தது. நானும் கோப்பை மூடிவிட்டேன். நவம்பரில் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்திருக்கவேண்டும். போகவில்லை. அது என் தவறு.

அம்மாவின் காது

ஜனவரி நடுவில் அழைப்பு வந்தது. மகன் மின்கட்டணத்தைப் பற்றிச் சொன்னார். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது: "அவரிட்ட அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லு."

நேரில் போனபோது அம்மாவே சொன்னார். "தம்பி, வீடு குளிரேல்லை. ஆனா என்ர அறைக்கு வெளியில இருக்கிற பெட்டி இரவு முழுக்க நிண்டு நிண்டு ஓடுது. ஊரில கிணறு வத்தேக்க மோட்டர் காத்து இழுக்கும், அந்த மாதிரி."

அவர் ஒப்பிட்டது எவ்வளவு சரி என்பது திரையைத் திறந்ததும் தெரிந்தது. ஒரு நாளில் நாற்பதுக்கு மேல் தொடக்கங்கள். சரியான அளவில் வாங்கிய பெட்டி, அளவுக்கு மீறிய பெட்டியைப்போல ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் இல்லாத மோட்டரைப்போலவே, இதற்கும் போதிய தண்ணீர் ஓட்டம் இல்லை.

காரணங்கள் நான்கு, ஒன்றோடொன்று பின்னியவை.

தரைக்குள் ஓடும் நீரின் சூட்டை வெளிக் குளிருக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் கோடு ஒன்று உண்டு, வெப்பக் கோடு என்போம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே அதை விட்டிருந்தார்கள். வெளியே 0 பாகை இருக்கும்போது 45 பாகையில் நீரை அனுப்பிக்கொண்டிருந்தது. தரை ஹைட்சுங் திட்டமிட்டதோ மிகக் குளிர்ந்த நாளிலும் 35 பாகைக்கு. ஒவ்வொரு பாகை கூடுதலுக்கும் இரண்டு முதல் இரண்டரை விழுக்காடு மின்சாரம் கூடும்.

நீர் அளவுக்கு மீறிச் சூடாக இருந்ததால் அறைகள் வெந்தன. ஒவ்வோர் அறைத் தெர்மோஸ்டாட்டும் 21 பாகை வந்ததும் தன் குழாயை அடைத்துக்கொண்டது. பதினொரு குழாய்ச் சுற்றில் சில நேரம் மூன்று மட்டும் திறந்திருந்தன. நீர் போக வழியில்லை, பெட்டி இரண்டு நிமிடத்தில் இலக்கை எட்டி நின்றுவிட்டது. காரின் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே பிரேக்கையும் மிதிப்பதுபோல.

மூன்றாவது, வெந்நீர்த் தொட்டி. லெஜியோனெல்லா கிருமிப் பயத்தில் தினமும் 60 பாகைக்கு ஏற்றும்படி வைத்திருந்தார்கள், அதுவும் உள்ளே இருக்கும், மின்சாரத்தில் நேரடியாகச் சூடேறும் மின்கம்பியால். கடைசியாக, வெளியே 5 பாகைக்குக் கீழே போனாலே அந்த மின்கம்பி ஹைட்சுங்குக்கும் துணைக்கு வரலாம் என்று அனுமதி. பத்து வாரத்தில் மின்கம்பி மட்டும் தின்றது 410 யூனிட். மொத்த மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு.

இவற்றில் எதுவும் கருவியின் குறை அல்ல. ஒரு பிற்பகல் செலவிட்டுத் திருத்தியிருக்கவேண்டிய எண்கள்.

சட்டம் ஏன் பார்க்கவில்லை

நேரடியாகச் சொல்கிறேன். சட்டம் கேட்பது என்ன பெட்டி என்று. அது எப்படி ஓடுகிறது என்று தனி வீட்டில் கேட்பதில்லை. ஒரு முழுக் குளிர்காலம் ஓடியபின் ஹீட் பம்பைச் சோதிக்கவேண்டும் என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் ஆறு குடியிருப்புகளுக்குக் குறையாத கட்டடங்களுக்குத்தான் அது பொருந்தும். கடன் வாங்கித் தனி வீடு கட்டிய குடும்பத்துக்கு அந்தக் கண்காணிப்பு கிடைக்காது.

63 என்று நான் சொன்னது சட்டத்தின் கணக்கு அல்ல, வெளிக்காற்று தந்த பங்கு மட்டும். 2023 முதல் ஜெர்மனியின் மின் நுகர்வில் பாதிக்கு மேல் காற்று, சூரியன், நீர், உயிரெரிபொருள் வழியாக வருகிறது. அதையும் சேர்த்தால் இந்த வீடு 65-ஐத் தாராளமாகத் தாண்டும். ஆகவே விதியை மீறியதாக யாரும் குற்றம் சொல்ல முடியாது. என் ஆதங்கம் வேறு. பழைய வீடுகளில் பொருத்திய காற்று ஹீட் பம்புகளை ஃப்ரவுன்ஹோஃபர் சூரிய ஆற்றல் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் அளந்தது. சராசரி விகிதம் 3.1. அவற்றில் பலவும் ரேடியேட்டர் வைத்த வீடுகள். தரை ஹைட்சுங் உள்ள புது வீடு 2.7-இல் நிற்பதற்கு நியாயமே இல்லை, அது குளிர்கால எண் என்று விட்டுக்கொடுத்தாலும்.

திருத்தியது

மின்கம்பிக்குக் கொடுத்த அனுமதியை உறைநிலைக்குக் கீழே 10 பாகைக்கு இறக்கினோம். வெந்நீர் 50 பாகை, வாரத்துக்கு ஒருமுறை 60. ஒரு குடும்பம் மட்டும் வாழ்ந்து, நீர் தினமும் புழங்கும் வீட்டில் அது போதும். இதெல்லாம் பத்து நிமிட வேலை.

வெப்பக் கோட்டுக்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. அறைத் தெர்மோஸ்டாட்டுகளைக் கழற்ற முடியாது, அறைக்கு அறை கட்டுப்பாடு வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எல்லாவற்றையும் 24 பாகைக்கு உயர்த்திவைத்தோம், அடைத்துக்கொள்ளாமல் இருக்கட்டும் என்று. பிறகு கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். ஒருமுறை இறக்கினால் இரண்டு நாள் காத்திருக்கவேண்டும், தரைச் சாந்து அவ்வளவு மெதுவாகச் சூட்டை வாங்கி விடும். மருமகள் அறை வெப்பங்களைக் குறிப்பேட்டில் எழுதினார். அதிகம் சூடான அறையின் நீரோட்டத்தைக் குழாய்ப் பெட்டியில் உள்ள திருகால் குறைத்தோம். குளிர்ந்த அறைக்கு முழுதாகத் திறந்தோம். மூன்று வாரத்தில் 0 பாகைக்கு 31 பாகை நீர் என்று வந்து நின்றது.

இரண்டு இடங்கள் முரண்டு பிடித்தன. குளியலறைக்கு 24 பாகை வேண்டும். தரையோ சிறிது, தொட்டியும் அலமாரியும் போக நான்கு சதுர மீட்டர் கூட மிஞ்சவில்லை. அந்த ஓர் அறைக்காக வீடு முழுவதற்கும் நீரைச் சூடாக்குவதைத்தான் பலரும் செய்கிறார்கள். நாங்கள் அங்கே 400 வாட் தகடு ஒன்றை மாட்டினோம். காலையில் அரை மணி நேரம், 0.2 யூனிட். முழு வீட்டுக்கும் பிழையான அதே தகடு இந்த மூலைக்குச் சரியானது. திட்ட வரைபடத்தில் சுவருக்குள்ளும் குழாய் போட்டிருந்தால் இதுவும் தேவைப்பட்டிருக்காது. இப்போது நான் பார்க்கும் ஒவ்வொரு புது வரைபடத்திலும் முதலில் குளியலறையைத்தான் பார்க்கிறேன்.

மற்றது அம்மாவின் அறை. 19 பாகைக்கு மேல் ஏறவில்லை. குழாய் சரி, நீரோட்டம் சரி. தரை முழுக்கத் தடித்த கம்பளம் விரித்திருந்தார். வெப்பம் அதற்குக் கீழேயே தங்கிவிட்டது. எடுக்கச் சொல்ல எனக்குத் தயக்கம். குளிருக்குப் பயந்து முப்பது வருடம் வாடகை வீடுகளில் கம்பளத்தின் மேல் வாழ்ந்தவர். மருமகள்தான் ஒரு நாள் அதைப் பாதியாக மடித்து, "மாமி, வெறுங்காலோட நிண்டு பாருங்கோ" என்றார். ஓடு இளஞ்சூடாக இருந்தது. கம்பளம் இப்போது கட்டிலடியில் மட்டும்.

சமையலறையையும் சொல்லவேண்டும். தாளிக்கும் மணம் போக அம்மா சன்னலை நாள் முழுக்கச் சரித்துத் திறந்துவைப்பார். வெப்பம் மீட்கும் காற்றோட்டக் கருவி உள்ள வீட்டில் அது திறந்த பையிலிருந்து காசு கொட்டுவதற்குச் சமம். சமைத்து முடிந்ததும் ஐந்து நிமிடம் எல்லாச் சன்னலையும் அகலத் திறந்து, பிறகு மூடுவது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் நடக்கிறது.

அடுத்த குளிர்காலம்

2025 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2026 ஜனவரி நடுவரை, அதே பத்து வாரம். வெப்பம் 3,600 யூனிட், மின்சாரம் 970. விகிதம் 3.7. காற்றின் பங்கு 73. மின்கம்பி தின்றது 11 யூனிட். பழைய ஓட்டத்தில் அதே வெப்பத்துக்கு 1,333 யூனிட் போயிருக்கும். பத்து வாரத்தில் 360 யூனிட்டுக்கு மேல் மிச்சம், நூறு ஐரோவுக்குச் சற்றுக் கூடுதல். 2025 பெப்ரவரியிலிருந்து ஓராண்டு முழுவதற்கும் பார்த்தால் 9,800 யூனிட் வெப்பத்துக்கு 2,450 யூனிட் மின்சாரம், விகிதம் 4. தொடக்கங்கள் நாளுக்கு ஆறு, ஏழு.

கூரையில் சூரிய மின்தகடு வைக்கலாமா என்று மகன் கேட்கிறார். நோர்ட்ரைன் வெஸ்ட்பாலனில் 2025 ஜனவரி 1-க்குப் பிறகு அனுமதி கேட்ட புது வீடுகளுக்கு அது கட்டாயம், இவர்கள் அதற்கு முன்பே கேட்டுவிட்டார்கள். வைக்கலாம், ஆனால் ஹைட்சுங்கை அது ஓட்டும் என்று நினைத்து வைக்கவேண்டாம் என்றேன். 8 கிலோவாட் தகடு ஆண்டுக்கு ஏழாயிரம் யூனிட் தந்தாலும் டிசம்பரில் தருவது 150 யூனிட் அளவில். அந்த மாதம் ஹீட் பம்ப் மட்டும் கேட்பது அதைப்போல் மூன்று மடங்கு.

புதிதாகக் கட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2025 மே மாதம் பொறுப்பேற்ற அரசின் கூட்டணி ஒப்பந்தம் ஹைட்சுங் சட்டத்தை நீக்குவோம் என்றது. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடப்பில் உள்ளதோ அதைப் பார்க்கவேண்டும். இந்த ஆய்வில் உள்ள சட்ட எண்கள் 2024 தொடக்கத்தில் விண்ணப்பித்த ஒரு வீட்டுக்கானவை.

நிறுவல் ஒப்பந்தத்தில் இப்போது நான் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: முதல் குளிர்காலத்தில், உறைநிலையைத் தொட்ட ஒரு வாரத்துக்குப் பிறகு, நிறுவியவர் ஒருமுறை திரும்பி வந்து வெப்பக் கோட்டையும் நீரோட்டத்தையும் திருத்தித் தரவேண்டும். அதற்குரிய கூலியும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். இதுவரை ஏழு குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. ஐந்து நிறுவல்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். மற்ற இரண்டு வீடுகளுக்கு வரும் ஜனவரியில் நானே போகிறேன்.